திகடசக்கரம்: காஞ்சிபுரத்தில் ஃபெயிலான ஒரு டெஸ்ட் கேஸ்

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு சொல்லைச் சுத்தித்தான். சொல் இதுதான்: திகடசக்கரம்.

கேட்டா ஏதோ மந்திரம் மாதிரி இருக்கும். ஆனா இது காஞ்சிபுரத்துல, ஒரு கோயில் மண்டபத்துல, புலவர்கள் உட்கார்ந்திருந்த சபையில, "இலக்கணப்படி இது செல்லாது"னு எரர் வாங்கின சொல். பார்சர் எழுதினவங்களுக்கு இந்த அனுபவம் நல்லா தெரியும். இன்புட் சரின்னு உங்களுக்கு உறுதியா தெரியும். ஆனா கிராமர் ஃபைல் "சின்டாக்ஸ் எரர்"னு சொல்லும். அப்போ தப்பு யார் மேல? இன்புட் மேலயா, கிராமர் மேலயா? மென்பொருள் உலகம் இதுக்குன்னு யூனிட் டெஸ்ட் கருவிகளே செஞ்சு வச்சிருக்கு. தமிழ் இலக்கண உலகமும் அதே கேள்விய வேற பெயர்கள்ல ரொம்ப காலமா கேட்டுக்கிட்டு வந்திருக்கு. அந்த ரெண்டு கதையையும் சேர்த்துப் பார்க்கப் போறோம்.

குமரகோட்டத்தில் என்ன நடந்தது?

காஞ்சிபுரம் போனவங்களுக்கு குமரகோட்டம் தெரிஞ்சிருக்கும். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவுல இருக்குற முருகன் கோயில். அப்பா, அம்மாவுக்கு நடுவுல பிள்ளை, சோமாஸ்கந்தர் அமைப்பு மாதிரியேன்னு ஊர்ல சொல்வாங்க. அந்தக் கோயில்ல அர்ச்சகரா இருந்தவர் கச்சியப்ப சிவாச்சாரியார். பத்தாயிரத்துக்கும் மேல பாடல்கள் கொண்ட கந்தபுராணத்தை எழுதினவர். அவரோட காலம் பற்றி அறிஞர்களுக்குள்ள ஒத்த கருத்து கிடையாது. அதனால இப்போ நான் சொல்லப் போறதை வரலாற்று ஆவணமா எடுத்துக்காதீங்க. வழிவழியா சொல்லப்படுற ஒரு மரபுக் கதையா எடுத்துக்கோங்க.

கதைப்படி, நூலோட முதல் அடியை எடுத்துக் கொடுத்ததே முருகன்தான். கச்சியப்பர் தினமும் 100 பாட்டு எழுதி, ராத்திரி கருவறையில வச்சுட்டுப் போவார். காலையில வந்து பார்த்தா திருத்தங்கள் இருக்கும். இப்போ நாம கமிட் போட்டுட்டுப் போய், காலையில ரிவ்யூ கமெண்ட் பார்க்குற மாதிரி.

நூல் முடிஞ்சது. அடுத்தது அரங்கேற்றம். அரங்கேற்றம்னா நாம இன்னைக்கு நினைக்கிற 'புத்தக வெளியீட்டு விழா' இல்ல. சபையில ஒவ்வொரு பாட்டா வாசிக்கணும், யார் வேணும்னாலும் எழுந்து கேள்வி கேட்கலாம், பதில் சொல்லாம அடுத்த பாட்டுக்குப் போக முடியாது. கச்சியப்பர் முதல் பாட்டை ஆரம்பிக்கிறார். விநாயகரைப் போற்றுற காப்புச் செய்யுள். முதல் சொல்லே திகடசக்கரம். அதுக்கு அவர் சொன்ன பிரிப்பு: திகழ் + தசக்கரம். அதாவது 'விளங்குகிற பத்துக் கைகள்'.

சபையில ஒருத்தர் எழுந்துட்டார். "திகழ், தசக்கரம் இந்த ரெண்டும் சேர்ந்தா திகடசக்கரம்னு எப்படி ஆகும்? தொல்காப்பியத்துல இதுக்கு விதி இல்லையே?" முதல் பாட்டு, முதல் சொல், அங்கேயே பில்டு ஃபெயில். அன்னைக்கு சபை அதோட கலைஞ்சுடுச்சு.

மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருத்தர் சபைக்கு வர்றார். கையில ஒரு ஏடு, வீரசோழியம். அதோட சந்திப் படலத்துல 18-ஆம் செய்யுளைக் காட்டுறார். ழகர மெய்க்குப் பின்னாடி தகரம் வந்தா அது டகரமா மாறுறதுக்கு அங்கே இடம் இருக்கு. சபை ஏத்துக்கிச்சு. வந்தவர் மறைஞ்சுட்டார். வந்தது முருகனேதான்னு கதை முடியுது. குமரகோட்டத்துல கந்தபுராண அரங்கேற்ற மண்டபம்னு ஒரு மண்டபத்தை இன்னைக்கும் காட்டுறாங்க.

பக்திக் கதையா இதை நிறைய பேர் கேட்டிருப்பீங்க. நான் இதை ஒரு பக் ரிப்போர்ட்டா வாசிக்கப் போறேன்.

அந்த விதி என்னதான் செய்யுது?

முதல்ல தொழில்நுட்பம். ரெண்டு சொல் சேரும்போது எழுத்து மாறுறது தமிழுக்குப் புதுசு இல்ல. பொன் + தாமரை சேர்ந்தா பொற்றாமரை. மதுரையில பொற்றாமரைக் குளம் பார்த்திருப்பீங்க. கல் + தூண் சேர்ந்தா கற்றூண். முள் + தாள் சேர்ந்தா முட்டாள், அதாவது முள் இருக்குற தண்டு. நாள் + தோறும் சேர்ந்தா பழைய வழக்குல நாடோறும்.

கடைசி உதாரணத்தைக் கவனிங்க. ளகர மெய் காணாமப் போச்சு, தகரம் டகரமா மாறிடுச்சு. இது எல்லாரும் ஏத்துக்கிட்ட விதி. திகடசக்கரத்துல நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். ஆனா ளகரத்துக்குப் பதிலா ழகரம். ழகரத்துக்கு நமக்குப் பழகின வழி வேற. தமிழ் + தாய் சேர்ந்தா தமிழ்த்தாய். 'தமிடாய்'னு யாரும் சொல்றது இல்ல. திகழ் + தசக்கரம் வினைத்தொகை. அங்கே எதுவும் மாறாம 'திகழ்தசக்கரம்'னு நிக்கணும். அதனால கேள்வி கேட்டவர் சும்மா வம்பு பண்ணல. அவர் கையில இருந்த கிராமர்படி அவர் சொன்னது சரி.

ஒரு பார்சர் பார்வையில பார்த்தா இந்தச் சொல் இன்னும் கஷ்டம். அகராதியை வச்சு சொற்களை வெட்டுற ஒரு புரோகிராம்கிட்ட 'திகடசக்கரம்' கொடுத்தா, 'சக்கரம்'ங்கிற தெரிஞ்ச சொல்லை அது உடனே கண்டுபிடிச்சிடும். மிச்சம் 'திகட'ன்னு ஒரு அனாதைத் துண்டு நிக்கும். அச்சுப் பதிப்புகள்லயும் 'திகட சக்கர'ன்னு இடைவெளி விட்டுத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். மனுஷக் கண்ணே அந்த இடத்துல வெட்டுது. உண்மையான வெட்டு டகரத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

இதை ஒரு டெஸ்ட் ஃபைல்ல எழுதினா எப்படி இருக்கும்?

நாள் + தோறும் → நாடோறும்: பாஸ் ஆகணும்.
தமிழ் + தாய் → தமிழ்த்தாய்: பாஸ் ஆகணும்.
தமிழ் + தாய் → தமிடாய்: ஃபெயில் ஆகணும்.
திகழ் + தசக்கரம் → திகடசக்கரம்: தொல்காப்பியத்தின்படி ஃபெயில், வீரசோழியத்தின்படி பாஸ்.

நாலாவது வரியிலதான் நம்ம கதை இருக்கு. கிராமரோட எந்த வெர்ஷனை வச்சு டெஸ்ட் ஓட்டுறீங்கன்னு சொல்லாம, ஒரு இன்புட் சரியா தப்பான்னு சொல்ல முடியாது.

ஆரக்கிள் பிரச்சினை

சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல 'டெஸ்ட் ஆரக்கிள்'னு ஒரு சொல் உண்டு. வில்லியம் ஹௌடன் 1978-ல புழக்கத்துக்குக் கொண்டு வந்தது. ஒரு புரோகிராமுக்கு இன்புட் கொடுக்குறது சுலபம். வர்ற அவுட்புட் சரியான்னு சொல்ல யாராவது வேணுமே? அந்த 'யாராவது'தான் ஆரக்கிள். ஆரக்கிள்னா அருள்வாக்கு. குமரகோட்டத்துக் கதையில இது உவமை இல்ல, நேரடியாவே நடக்குது. சொல் சரின்னு சொன்னது கடவுள்.

ஆனா கதையில எனக்குப் பிடிச்ச இடம் வேற. "நான்தான் முருகன், நான் கொடுத்த சொல், அதனால சரி"ன்னு அவர் சொல்லல. நூல் பெயரும் செய்யுள் எண்ணும் காட்டினார். கடவுளா இருந்தாலும் விதியை மேற்கோள் காட்டணும்னு இந்தக் கதையைச் சொன்னவங்க நினைச்சிருக்காங்க. சபையோட மரியாதை அவ்வளவு பெருசு.

ரெண்டாவது விஷயம், அவர் எந்த நூலைக் காட்டினார் என்பது. வீரசோழியத்தை எழுதினவர் புத்தமித்திரனார். பெயரே சொல்லுது, பௌத்தர். 11-ஆம் நூற்றாண்டு, வீரராஜேந்திர சோழன் காலம். அந்த அரசன் பெயரால்தான் நூலுக்கு வீரசோழியம்னு பெயர். சமஸ்கிருத இலக்கண முறையைத் தமிழுக்குள்ள கொண்டு வந்த நூல்னு அதுமேல விமர்சனமும் உண்டு. ஒரு சைவ நூலுக்கு, ஒரு முருகன் கோயில்ல, ஒரு பௌத்தர் எழுதின இலக்கணம்தான் பேட்ச் கொடுத்து காப்பாத்துது. காஞ்சிபுரத்துக்கு இது பொருந்தாத கதை இல்ல. சைவம், வைணவம், சமணம், பௌத்தம் எல்லாம் ஒரே ஊர்ல வாதம் பண்ணி வாழ்ந்த இடம். 7-ஆம் நூற்றாண்டுல சீனப் பயணி யுவான் சுவாங் வந்து பார்த்த ஊர். திருப்பருத்திக்குன்றத்துல சமணக் கோயில் இன்னைக்கும் இருக்கு.

அந்த வீரசோழியம் ஒரு கட்டத்துல ஏட்டுச்சுவடியோட அழிஞ்சு போயிருக்கலாம். 1881-ல சி. வை. தாமோதரம்பிள்ளை அதை அச்சுல கொண்டு வந்தார். ஒரு ஸ்பெசிஃபிகேஷனோட ஒரு வெர்ஷன் தொலைஞ்சா, அதை நம்பி எழுதின எல்லாமே பிழைன்னு ஆகிடும். பதிப்பாசிரியர்கள் செஞ்ச வேலை எவ்வளவு பெருசுன்னு இப்படி யோசிச்சா புரியும்.

டெஸ்ட் கேஸ் எழுதின காஞ்சிக்காரர்

காஞ்சிபுரத்துல இதுக்கெல்லாம் முன்னாடியே ஒருத்தர் இருந்தார். தண்டி. பல்லவர் காலத்துக் காஞ்சியோட தொடர்புடையவர், 7-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்னு பொதுவா சொல்றாங்க. சமஸ்கிருதத்துல காவ்யாதர்சம் எழுதினவர். கவிதைக்கான இலக்கண நூல்.

அந்த நூல் வேலை செய்யுற விதம் நமக்கு ரொம்ப பரிச்சயமா இருக்கும். முதல்ல ஒரு அணிக்கு வரையறை. உடனே உதாரணச் செய்யுள். உவமைக்கு மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட உட்பிரிவு, ஒவ்வொண்ணுக்கும் உதாரணம். கடைசிப் பகுதியில குற்றங்களோட பட்டியல். பொருள் இல்லாதது, முன்னுக்குப் பின் முரணானது, சொன்னதையே சொல்றதுன்னு. அதாவது பாஸ் ஆக வேண்டியதும் இருக்கு, ஃபெயில் ஆக வேண்டியதும் இருக்கு. டெஸ்டிங்ல இதை பாசிட்டிவ் டெஸ்ட், நெகட்டிவ் டெஸ்ட்னு சொல்றோம். வீரசோழியத்தோட கடைசிப் பகுதி அலங்காரம். அது தண்டி வழியைத்தான் பின்பற்றுது. தமிழ்ல தண்டியலங்காரம்னு தனி நூலே வந்தது. காஞ்சியில எழுதின ஒரு முறை, சோழநாட்டு இலக்கணத்துக்குள்ள போய், ஒரு சுத்து சுத்தி குமரகோட்டத்துக்கே திரும்பி வந்திருக்கு.

தமிழ் மரபுல உதாரணத்துக்கு இருந்த இடமும் சின்னது இல்ல. 13-ஆம் நூற்றாண்டு நன்னூல், உரை எப்படி இருக்கணும்னு சொல்லும்போது கருத்து, பதப்பொருள், காட்டு மூணும் வேணும்னு சொல்லுது. காட்டுன்னா எடுத்துக்காட்டு. அதோட வினாவும் விடையும் சேரலாம். நம்ம பாஷையில சொன்னா, டாக்குமெண்டேஷனுக்கு உள்ளேயே டெஸ்ட் இருக்கணும். பைத்தான்ல டாக்டெஸ்ட் பயன்படுத்தினவங்க இப்போ சிரிப்பீங்க.

ரெண்டு வகையான ஃபெயிலியர்

ஒரு கிராமர் ரெண்டே ரெண்டு விதமா கெட்டுப் போகும். சரியான வாக்கியத்தை மறுக்கலாம். தப்பான வாக்கியத்தை ஏத்துக்கலாம். முதல் வகை குறை, ரெண்டாவது வகை மிகை. இந்திய தர்க்கத்துல இதுக்கு அவ்வியாப்தி, அதிவியாப்தின்னு பெயர். பசுவுக்கு இலக்கணம் 'பழுப்பு நிறமானது'ன்னு சொன்னா வெள்ளைப் பசு வெளியே போயிடும், அது அவ்வியாப்தி. 'கொம்பு உள்ளது'ன்னு சொன்னா எருமையும் உள்ளே வந்துடும், அது அதிவியாப்தி.

இந்தத் தர்க்கத்தைத் தமிழ்ல எழுதினவர்கள்ல ஒருத்தர் சிவஞான முனிவர், தருக்க சங்கிரகத்தை மொழிபெயர்த்தவர். 1785-ல மறைந்தவர், திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்தவர். காஞ்சிபுரத்தோடயும் நெருக்கம். காஞ்சிப் புராணத்தோட முதல் காண்டம் அவர் எழுதினது, ரெண்டாவது காண்டம் அவர் மாணவர் கச்சியப்ப முனிவர் எழுதினது. இந்தக் கச்சியப்பர் வேற, கந்தபுராணக் கச்சியப்பர் வேற. குழப்பிக்காதீங்க.

சிவஞான முனிவர் எழுதின இன்னொரு நூலோட தலைப்பைக் கேளுங்க: இலக்கண விளக்கச் சூறாவளி. 17-ஆம் நூற்றாண்டுல திருவாரூர் வைத்தியநாத தேசிகர் எழுதின இலக்கண விளக்கம்ங்கிற நூலை எடுத்துக்கிட்டு, எங்கெங்கே பிழைன்னு சொல்ற நூல். ஒரு கிராமருக்கு எதிரா எழுதின பக் லிஸ்ட், அதுக்கு 'சூறாவளி'ன்னு பெயர். நம்ம ஊர்ல கோட் ரிவ்யூ எப்பவுமே மென்மையா நடந்ததில்ல.

மூணாவது ஒரு சிக்கலும் உண்டு. ஒரே இன்புட்டுக்கு ரெண்டு பார்ஸ் வர்றது. தொல்காப்பிய உரைகள்ல இதுக்கு ஒரு அருமையான உதாரணம் இருக்கு: செம்பொன்பதின்தொடி. இதை செம்பொன் + பதின்தொடின்னு பிரிச்சா, சிவந்த பொன் பத்துத் தொடி. செம்பு + ஒன்பதின்தொடின்னு பிரிச்சா, செம்பு ஒன்பது தொடி. தொடிங்கிறது எடை அளவு. வாங்கறவருக்கு தங்கம் பத்து, கொடுக்கறவருக்கு செம்பு ஒன்பது. பார்சர் எந்த மரத்தைத் தேர்ந்தெடுக்குதோ அதைப் பொறுத்து ஒருத்தர் திவால். உரையாசிரியர்கள் என்ன சொன்னாங்க? எழுத்துல பிரிக்க முடியாது, சொல்ற இசையில, அதாவது எங்கே நிறுத்துறீங்க என்பதுல தெரியும். எழுத்தை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாத இன்புட் இருக்குன்னு ஒத்துக்கிட்டு, அதையும் உதாரணப் பட்டியல்ல சேர்த்து வச்சாங்க. வேங்கைன்னா மரம் அல்லது புலி, ஆனா 'வேகுற கை'ன்னும் பிரிக்கலாம். எட்டுன்னா எண், ஆனா எள் + து, 'எள்ளைத் தின்'னும் பிரிக்கலாம். இதுக்கெல்லாம் 'பொதுமொழி'ன்னு தனி வகையே வச்சாங்க.

கருவிகள் வந்த கதை

இப்போ கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். 1960-ல ஆல்கால் 60 மொழியோட அறிக்கை வந்தது. ஒரு புரோகிராமிங் மொழியோட இலக்கணத்தை பேக்கஸ்-நௌர் வடிவத்துல முறையா எழுதிக் காட்டினது அங்கேதான் பிரபலமாச்சு. இலக்கணத்தை எழுதிட்டோம், அது சரியான்னு எப்படித் தெரியும்?

1972-ல பால் பர்டம் ஒரு கட்டுரை எழுதினார். இலக்கணத்தைக் கொடுத்தா, அதுல இருக்குற ஒவ்வொரு விதியும் ஒரு தடவையாவது பயன்படுற மாதிரி, ஒரு சின்ன வாக்கியத் தொகுப்பைத் தானாவே உருவாக்குற அல்காரிதம். விதிக்கு ஒரு உதாரணம், எந்த விதியும் விட்டுப் போகக் கூடாது. தண்டி கையால செஞ்சதை மெஷின் செய்ய ஆரம்பிச்சது. 7-ஆம் நூற்றாண்டுல பட்டின்னு ஒரு கவிஞர் ராமாயணக் கதையையே பாணினி இலக்கணத்துக்கு உதாரணமா வர்ற மாதிரி ஒரு காவியமா எழுதினார். பர்டம் அல்காரிதத்துக்கு அப்படி ஒரு கதை சொல்லத் தெரியாது. அது உருவாக்குற வாக்கியங்களுக்கு அர்த்தமே இருக்காது. ஆனா கவரேஜ் இருக்கும்.

1975-ல பெல் லேப்ஸ்ல ஸ்டீஃபன் ஜான்சனோட யாக் பற்றின அறிக்கை வந்தது. இலக்கணத்தைக் கொடுத்தா பார்சரையே எழுதித் தரும். ரெண்டு விதி மோதினா 'கான்ஃப்ளிக்ட்'னு எச்சரிக்கும். செம்பொன்பதின்தொடி மாதிரி ஒரு இடம் உங்க கிராமர்ல இருக்குன்னு முன்கூட்டியே சொல்ற மாதிரி. ஆனா 'இந்த இன்புட் இந்த மரமா வரணும்'னு சரிபார்க்குற வேலையை நீங்களேதான் தனியா எழுதிக்கணும்.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் கிராமருக்குன்னே இருக்குற யூனிட் டெஸ்ட் கருவிகள். டெரன்ஸ் பார் உருவாக்கின ஆன்ட்லரோட 3-ஆம் பதிப்புக்கு 'ஜியூனிட்' வந்தது. அதுல முழு புரோகிராமையும் டெஸ்ட் பண்ண வேண்டாம். ஒரு விதியோட பெயரை எழுதி, அதுக்குக் கீழே இன்புட், பக்கத்துல 'ஓகே' அல்லது 'ஃபெயில்', இல்லைன்னா வர வேண்டிய மரம். சந்திப் படலத்தை மட்டும் தனியா எடுத்து ஓட்டுற மாதிரி.

இப்போ நிறைய எடிட்டர்கள்ல கோடுக்கு நிறம் போடுற ட்ரீ-சிட்டர், மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் தொடங்கினது. அதுல டெஸ்ட் ஃபைல்களை வைக்குற ஃபோல்டருக்குப் பெயரே 'கார்பஸ்', அதாவது தொகுப்பு. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு தலைப்பு, அதுக்குக் கீழே கோட், ஒரு கோடு போட்டு, கீழே வர வேண்டிய மரம். எரர்தான் வரணும்னு எதிர்பார்க்குற டெஸ்ட்டையும் குறிச்சு வைக்கலாம். நூற்பா, காட்டு, மறுகாட்டு. வடிவம் மாறவே இல்ல.

யாரோட தமிழ் பாஸ் ஆகுது?

இதெல்லாம் பழைய கதைன்னு விட்டுட முடியாது. தமிழுக்கே பார்சர் எழுதுறவங்க இப்போ இருக்காங்க. இலங்கையில மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தையும் ஜெர்மனியில கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 'தமிழிமார்ஃப்'னு ஒரு சொல் பகுப்பாய்வி செஞ்சு, 2021-ல அது பற்றின கட்டுரையை வெளியிட்டாங்க. ஃபோமாங்கிற கருவியில, விதிகளா எழுதினது. இதுல ஒரு வசதி உண்டு. ஒரே இயந்திரம் ரெண்டு திசையிலயும் ஓடும். 'மரத்துக்கு'ன்னு கொடுத்தா மரம், நான்காம் வேற்றுமைன்னு பிரிக்கும். அதையே திருப்பிக் கொடுத்தா 'மரத்துக்கு'ன்னு சேர்க்கும். பிரிச்சதைச் சேர்த்து, சேர்த்ததைப் பிரிச்சு, ஆரம்பிச்ச இடத்துக்கே வருதான்னு பார்க்கலாம். அதுவே ஒரு நல்ல டெஸ்ட்.

வாக்கிய அளவுல, உலக மொழிகளுக்கான யுனிவர்சல் டிபென்டென்சீஸ் திட்டத்துல தமிழுக்கு ரெண்டு மரத்தொகுப்பு இருக்கு. ஒண்ணு செய்தி நடையில 600 வாக்கியம். இன்னொண்ணு 534 வாக்கியம், அதோட அடிப்படை தாமஸ் லேமன் 1989-ல வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கண நூல்ல இருக்குற உதாரண வாக்கியங்கள். கவனிச்சீங்களா? இலக்கண நூலுக்குள்ள 'காட்டு'ன்னு வந்ததுதான் இன்னைக்கு மெஷினுக்கு டெஸ்ட் டேட்டா.

ஆனா 600 வாக்கியம், 534 வாக்கியம். ரெண்டும் எழுத்துத் தமிழ். நீங்க வாட்ஸ்ஆப்ல எழுதுற தமிழ், நான் இப்போ பேசிக்கிட்டு இருக்குற தமிழ் அதுல கிடையாது. 'வந்துட்டிருக்கேன்'னு டைப் பண்ணினா பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடுது. அந்தச் சொல்லை கோடிக்கணக்கான பேர் தினமும் பேசுறாங்க. கிராமரோட டெஸ்ட் ஃபைல்ல அது இல்ல, அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்தையே எடுத்துப்போம். பட்டு நெசவு செய்யுற தெருவுல கேட்கிற தமிழைப் பாருங்க. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம், ரெண்டையும் தறியிலேயே இணைச்சு நெய்யுறது கோர்வை. உடலோட முந்தியைச் சேர்க்குறது பெட்னி. பாவு, ஊடை, ஜரிகை, முந்தி. இதெல்லாம் ஒரு தொழிலோட உயிர்ச்சொற்கள். 'பெட்னி போட்டாச்சா?'ன்னு ஒரு நெசவாளர் கேட்டா அது முழுமையான, சரியான தமிழ் வாக்கியம். செய்தித்தாள் வாக்கியங்களை மட்டும் வச்சு டெஸ்ட் பண்ணின கருவிக்கு, 'பெட்னி' தெரியாத சொல். நாளைக்கு நெசவுக் கூட்டுறவு சங்கத்துக்கு குரல்ல இயங்குற ஒரு ஆப் வந்தா, அது அந்த அண்ணன் பேசுறதை 'பிழை'ன்னு சொல்லும், இல்லைன்னா வேற ஏதோ சொல்லா மாத்திடும். அவர் தன்னோட பேச்சைத் திருத்திக்கணுமா, கருவி தன்னைத் திருத்திக்கணுமா?

குமரகோட்டத்துச் சபை முன்னால இருந்ததும் இதே கேள்விதான். அங்கே மூணு வழி இருந்தது. ஒண்ணு, கச்சியப்பர் சொல்லை மாத்தியிருக்கலாம். இன்புட்டைத் திருத்துறது. ரெண்டு, சபை இலக்கணத்தைத் தூக்கிப் போட்டிருக்கலாம். கவிஞர் சொன்னா சரின்னு விடுறது. டெஸ்ட் சிவப்பா வந்தா டெஸ்ட்டையே டெலீட் பண்றவங்க இருக்காங்கல்ல, அந்த மாதிரி. மூணாவது, இந்த வழக்கைப் பதிவு செஞ்ச விதி வேற எங்கேயாவது இருக்கான்னு தேடுறது. இருந்தா, அதை எழுதினவர் எந்தச் சமயமா இருந்தாலும் ஏத்துக்கிறது. கதை மூணாவது வழியைத் தேர்ந்தெடுத்தது.

எள்ளுல இருந்துதான் எண்ணெய், இலக்கியத்துல இருந்துதான் இலக்கணம்னு தமிழ்ல ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றோம். இதை ஒரு டெஸ்ட் கொள்கையா எழுதினா: பேசுறவங்க முதல்ல, விதி அப்புறம். ஆனா 'அப்புறம்'னா 'வேண்டாம்'னு அர்த்தம் இல்ல. கேள்வி கேட்ட புலவர் இல்லைன்னா வீரசோழியம் சபைக்கே வந்திருக்காது. ஃபெயில் ஆன அந்த ஒரு டெஸ்ட்டாலதான், முதல் பாட்டோட முதல் சொல்லுக்கு விதி எது, அது எந்த நூல்ல இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் நமக்கு ஞாபகம் இருக்கு. பாஸ் ஆகியிருந்தா யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாங்க.

அதனால கேட்டுக்கிட்டு இருக்குற டெவலப்பர்களுக்கு ஒரு வேலை. தமிழுக்குத் திறமூலக் கருவிகள் நிறைய இருக்கு. அதுல ஒண்ணை எடுத்து, உங்க வீட்டுல, உங்க தெருவுல, உங்க அம்மாவோட தொழில்ல புழங்குற பத்து வாக்கியத்தை ஓட்டிப் பாருங்க. எது சிவப்பா வருதோ அதை ஒரு டெஸ்ட் கேஸா எழுதி, ஏன் அது சரியான தமிழ்னு ஒரு வரி சேர்த்து அனுப்புங்க. கோட் எழுதத் தெரியாதவங்களும் இதைச் செய்யலாம். வாக்கியமும், அதைப் பிரிக்குற விதமும் தெரிஞ்சா போதும்.

அடுத்த எபிசோடுல இன்னொரு சொல்லோட வர்றேன்.